பழைய திமிரியின் மத்தியமம்

தென்காசி வட்டாரத்துக் கோயில் கொடைகளில் நையாண்டி மேளம் இறங்கினால், அதற்குப் பொருத்தம் திமிரி நாயனம்தான். நீண்ட பாரி நாயனத்தைவிடக் குட்டை, சுருதி நாலு கட்டைக்கு மேலே நிற்கும். தாத்தா காலத்துத் திமிரி ஒன்று விலைக்கு வருகிறதென்று தெரிந்தால், புதிது வாங்கக் காசிருந்தும் அதைத் தேடிப் போகிற கலைஞர்கள் உண்டு. அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா மேடைக்கும் அதுவே போதும் என்றால் எனக்கு உடன்பாடில்லை.

நியாயம் மரத்தில் இருக்கிறது. பழைய வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் கிடந்து ஈரம் வற்றிய ஆச்சா மரத்தைத்தான் நாயனம் செய்யும் நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் தேடி எடுப்பார்கள். அதில் கடைந்து, பல வருஷம் எண்ணெய் குடித்த குழலின் நாதம் பம்பையும் உறுமியும் முழங்கும் தெருவிலும் தனித்துக் கேட்கும். சிகாகோ சிம்பொனியில் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் வாசித்த பழைய யார்க் டியூபா என்ற பித்தளை ஊதுகருவியைப் பிற்காலக் கம்பெனிகள் பார்த்துப் பார்த்து நகல் செய்ததும் இப்படியொரு நாதத்துக்காகத்தான். டியூபாவில் சுரம் பிசகினால் குழாயை இழுத்துச் சரிசெய்யலாம். நாயனக்காரருக்கோ உதடும் மூச்சும் விரலும்தான். மிஞ்சினால் துளையோரத்தில் கொஞ்சம் மெழுகு.

குறை மத்தியமத்தில். பழைய திமிரியில் சுத்த மத்தியமம் தன் இடத்தில் நிற்காது, பிரதி மத்தியமத்தின் பக்கம் ஏறிக்கொள்ளும். கல்யாணியில் அது தொந்தரவில்லை. தோடியில், சங்கராபரணத்தில் ஒவ்வொரு முறையும் உதட்டைத் தளர்த்தி, துளையைப் பாதி மறைத்து இறக்க வேண்டும். கமகம் துளையில் இல்லை, மூச்சில் இருக்கிறது என்று இந்தப் பாடு கற்றுக்கொடுக்கும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் தோடிக்கே பேர்போன திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இந்தப் பாட்டோடு காலம் தள்ளவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் பாரி நாயனத்தைச் செய்வித்தார். அவருடைய சீடர், நம் நெல்லைச் சீமையின் காருகுறிச்சி அருணாசலம், 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடாக ஆபேரி வாசித்தார். ஆபேரிக்கும் சுத்த மத்தியமம்தான். அது அரை இழை விலகியிருந்தாலும் குரலுக்குப் பக்கத்தில் காட்டிக்கொடுத்திருக்கும்.

இன்றைய சிக்கல் இதைவிடப் பெரிது. முன்பு சுருதிக்கு ஒத்து ஊதியவரும் மூச்சால்தான் ஊதினார். நாயனம் போகிற பக்கம் கொஞ்சம் அனுசரிப்பார். இன்று அந்த இடத்தில் இருக்கும் சுருதிப் பெட்டி யாருக்காகவும் அசையாது. அத்தோடு நாயனம் ஜோடியாக வாசிக்கிற வாத்தியம். பழைய குழலின் கோணல் அதற்கே உரியது. பக்கத்தில் புதுக்குழல் பிடிப்பவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் இரண்டு மத்தியமம் கேட்கும். இதே குழலைப் பயிலும் பிள்ளை கையில் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்காதது. சுரம் காதில் பதியுமுன்பே பிசகு பதிந்துவிடும்.

வீதியில், அம்மன் கொடையில் தனி நாயனமாக வாசிப்பவர் தாராளமாக வாங்கலாம். குற்றாலச் சாரல் காலத்தில் வாங்குவதானால் குழல் முனையில் வைத்து ஊதும் சீவாளியில் சொந்தமானவை நாலைந்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஈரத்தில் ஊறிய சீவாளியின் குற்றத்தைக் குழல்மேல் போட்டுவிடக் கூடாது. சுருதிப் பெட்டியை வைத்து மத்தியமத்தை நீட்டிப் பிடித்துப் பார்க்கட்டும். கச்சேரிக்கென்றால், ஒரே மரத்தில் கடைந்த ஜோடி முழுதாகக் கிடைத்தால் ஒழிய, அந்தப் பணத்தை நரசிங்கம்பேட்டைக்கே கொண்டுபோகலாம்.