கைலியும் கதையும்

நம்மூர் இளைஞர் ஒருவர் தாம் எழுதிய சிறுகதையொன்றை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை பார்த்துத் தருமாறு நம்மிடம் ஒப்படைத்தார். கதை இதுதான். கல்லூரி ஆண்டு விழாவில் பரிசு பெறவிருக்கும் மகனைக் காணக் கடலோரச் சிற்றூரிலிருந்து தந்தை புறப்பட்டு வருகிறார். கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, தலையில் தொப்பி. வாயிலில் நிற்கும் மாணவர்கள், "யாரடா இந்தப் பாவாடை கட்டிய பெரியவர்?" என்று நகைக்கின்றனர். மகன் தந்தையை அறியாதவன்போல் கடந்து செல்கிறான். இரவெல்லாம் வருந்துகிறான். மறுநாள் தானும் கைலி உடுத்தி வகுப்பறைக்குள் நுழைகிறான். மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டுகின்றனர். கதை முற்றும்.

இதன் முற்பாதி உண்மை; பிற்பாதி பொய். இவ்வாறு ஒரே வரியில் தீர்ப்பெழுதித் தாள்களைத் திருப்பித் தந்திருக்கலாம். ஆனால் 'பாவாடை' என்ற அந்த ஒரு சொல் நம்மை விடவில்லை. அது அந்த இளைஞரின் சொல் அன்று; நாட்டில் உலவும் சொல். அதைக் கேட்டு நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கூனிக் குறுகியிருக்கின்றனர். ஆகவே அதனைச் சற்று ஆராய்வது தகும்.

இடுப்பிலிருந்து கீழே தொங்கும், கால்களைத் தனித்தனியே பிரிக்காத ஆடை பெண்டிர்க்கே உரியது என்னும் எண்ணம் உலகில் ஒரு சிறு பகுதியில், ஒரு சிறு காலத்தில் தோன்றியது. பர்மியர் லுங்கியை லோஞ்சி என்பர். பிஜித் தீவினர்க்கு சுலு. யமன் நாட்டார்க்கு ஃபூத்தா. மலாய் மக்களின் 'சாரூங்' என்ற சொல்லுக்கு உறை என்பது பொருள். அதுவே தென்பாண்டிக் கடற்கரையிலும் இலங்கையிலும் சாரம் ஆயிற்று. மலாய் ஆடவர் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட துணிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் எது? நம் பழவேற்காடுதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணி, ஊர்ப்பெயரையும் உடன் கொண்டுபோய் அங்கே நிலைத்துவிட்டது. அந்த ஊர்ப் பெயரை இடுப்பில் உடுத்தி இன்றும் அங்கே மக்கள் தொழுகின்றனர். இங்கே நாம் அதைக் கட்டிக்கொண்டு வாயிலுக்கு வரக் கூசுகிறோம்.

அரபு மொழியில் இதற்கு 'இஸார்' என்பது பெயர். இஹ்ராம் நிலையில் இருப்பவர் இஸார் கிடைக்காவிடில் சிர்வால் அணிந்துகொள்ளட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சலுகை அளித்த செய்தி புகாரியில் உண்டு. இங்கே இஸார் முதன்மை. சிர்வால், அதாவது காற்சட்டை, இல்லாதவிடத்து வரும் மாற்று. சிர்வால் என்னும் சொல்லே பாரசீகத்திலிருந்து அரபுக்குள் குடியேறியது என்பர் இலக்கண ஆசிரியர். இதைவிடச் சுவையானது ஒன்றுண்டு. இஸார் என்ற அதே சொல் உருதுவுக்குப் போனபோது காற்சட்டை என்று பொருள் மாறிற்று. உருது வழியாகத் தமிழுக்கு வந்து இசார் என்றும் நிஜார் என்றும் ஆயிற்று. கைலியைக் குறித்த சொல் நடந்து நடந்து கடைசியில் சிறுவனின் அரைக்காற்சட்டைக்குள் புகுந்துகொண்டது! சொற்களுக்கு வெட்கமில்லை; உடுத்துகிற மனிதனுக்குத்தான் வெட்கம்.

"அது சரி, ஆண்கள் பெண்களைப் போல் ஒப்பனை செய்வதை மார்க்கம் கண்டித்துள்ளதே?" என்று கேட்பவர் உண்டு. கண்டித்துள்ளது, அதில் ஐயமில்லை. ஆயின் எந்த உடை யாருடையது என்பதை எதைக்கொண்டு முடிவு செய்வது? புகாரிக்குப் பேருரை வகுத்த இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், உடையின் தோற்றம் ஒவ்வொரு நாட்டின் வழக்கத்திற்கேற்ப வேறுபடும் என்று அவ்விடத்திலேயே தெளிவுபடுத்தியுள்ளார். நம் வீடுகளே இதற்குச் சான்று. நாகூர், நாகப்பட்டினப் பக்கத்தில் நம் பெண்களும் கைலி உடுத்துகின்றனர். ஆனால் அது பூப்போட்ட பாத்திக் கைலி, மேலே தாவணி. ஆடவர்க்குக் கட்டம். மலாய் நாட்டிலும் அவ்வாறே. ஆணுக்குப் பெலிக்காட், பெண்ணுக்குப் பாத்திக். இரண்டும் வட்டமாய் மூட்டிய துணிதான், வடிவத்தில் வேறுபாடில்லை. எனினும் கொடியில் கிடந்த பாட்டியின் பூக்கைலியை அவசரத்தில் எடுத்துக் கட்டிக்கொண்டு பேரன் கூடத்திற்கு வந்தால் வீடே சிரிக்கும். எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை ஃபிக்ஹு நூலைத் திறக்காமலே அந்த வீட்டுக் குழந்தையும் அறியும். உர்ஃபு என்று நம் ஆசான்கள் சொன்னது இதைத்தான்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். ஆடவனின் இடுப்புத் துணியை ஒரு கதையில் எப்படி வைப்பது என்பதற்கு நாம் அறிந்தவற்றுள் மிக உயர்ந்த சான்று, ஸஹ்லு இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி. ஒரு பெண்ணை மணமுடித்துத் தருமாறு ஏழைத் தோழர் ஒருவர் வேண்டுகிறார். மஹராகத் தர என்ன இருக்கிறது என்று வினவப்படுகிறது. அவரிடம் இருப்பது உடுத்தியுள்ள இஸார் ஒன்றே; மேலே போர்த்தத் துண்டுகூட இல்லை. அதையே தருவதாகச் சொல்கிறார். அதைத் தந்துவிட்டால் நீர் இஸார் இன்றி அமர்ந்திருப்பீரே என்று நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்து, இரும்பு மோதிரமாயினும் தேடி வரச் சொல்கிறார்கள். அதுவும் கிடைக்கவில்லை. அவர் நெடுநேரம் அமர்ந்திருந்து எழுந்து போகிறார், திரும்ப அழைக்கப்படுகிறார், மனனமாயிருந்த குர்ஆன் அத்தியாயங்களுக்காக மணம் நடக்கிறது.

வறுமை என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. துணி ஒன்று வருகிறது, அதன் முழுப் பாரத்தோடு. சபையிலே ஒருவன் தன் ஒரே ஆடையை ஈடாகச் சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வரவில்லை, தொண்டை அடைக்கிறது. அறிவித்தவர் ஆடையை விவரிக்கவில்லை. அதன் தேவையை மட்டும் சொன்னார். நம் எழுத்தாளர்கள் இதை நூறுமுறை படிக்கலாம்.

இப்னு பதூதாவின் பயண நூலிலும் இத்தகைய நிதானம் உண்டு. அவர் காற்சட்டை உடுத்தும் மேற்கு நாட்டவர். ழஃபார் நகரத்தார் காற்சட்டைக்குப் பதிலாக இடுப்பில் ஃபூத்தா கட்டுவதையும், வெப்ப மிகுதியால் பலர் இன்னொன்றை முதுகில் போட்டுக்கொள்வதையும், அவர்களது பருத்தி இந்தியாவிலிருந்து வருவதையும் குறித்துச் செல்கிறார். மாலத்தீவிலும் அதே உடையைக் காண்கிறார். எள்ளலில்லை, வியப்புமில்லை. அதே மனிதர், அத்தீவுப் பெண்டிர் இடைக்கு மேலே மறைக்காததைக் கண்டு காஜியாராக இருந்து தடுக்க முயன்று தோற்றதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். மார்க்கம் கண்டிக்கும் இடம் எது, வழக்கம் தீர்மானிக்கும் இடம் எது என்பதில் அவர் மயங்கவில்லை. கைலியைக் கண்டு மயங்கியவர் பின்னால் வந்தவர்கள்.

மேற்றிசை இலக்கியத்திலும் இவ்வுடைக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஸ்காட்லாந்து மலைநாட்டாரின் கில்ட் என்னும் முழங்காலளவு ஆடையைச் சொல்கிறோம். 1745இல் அவர்கள் கிளர்ச்சி செய்து, மறு ஆண்டு கல்லோடன் களத்தில் தோற்றனர். 1746இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த ஆடையையே தடைசெய்தது. முதல்முறை உடுத்தினால் ஆறு மாதச் சிறை. மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். அரசனுக்காகப் போரிடும் பட்டாளத்தாருக்கு மட்டும் விலக்கு! தடை 1782இல்தான் நீங்கியது. அதன்பின் 1814இல் சர் வால்டர் ஸ்காட் தம் பெயரை வெளியிடாமல் 'வேவர்லி' என்ற நாவலை எழுதி, அம்மலைநாட்டாரைக் காவிய வீரராக்கினார். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, அவ்விழாவை வகுத்தவரும் ஸ்காட்டே. முப்பாட்டனார் காலத்தில் குற்றமாக இருந்த ஆடையை மன்னரே உடுத்தி நின்றார். சபை மகிழ்ந்தது.

நாவல் சுவையானதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் என்ன நடந்தது? ஆட்டு மந்தைகளுக்கு நிலம் வேண்டி, நிலக்கிழார்கள் அம்மலைநாட்டுக் குடிகளை வீடுகளிலிருந்து வெளியேற்றிக் கொண்டிருந்தனர். உடை அரண்மனைக்குள் போயிற்று. உடுத்தியவன் தெருவுக்கு வந்தான். ஓர் உடையை இகழ்வது ஒருவகை அநீதி. அதை உடுத்திய மனிதனை மறந்து உடையை மட்டும் கொண்டாடுவது இன்னொரு வகை. இது இனிப்பாய் இருப்பதால் எளிதில் பிடிபடுவதில்லை. நம் இளைஞரின் கதையில் கைதட்டல் எழுகிறதே, அந்த இடத்தில் நமக்கு எடின்பரோ நினைவு வந்தது.

நம் நாட்டுத் திரைப்படங்களையும் தொடர்கதைகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முஸ்லிம் ஒருவர் வரவேண்டுமென்றால் பச்சைக் கைலி, அகன்ற இடைவார், வலைப் பனியன், 'நிம்பள் நம்பள்' என்றொரு மொழி. தலைமுறை தலைமுறையாகத் தமிழன்றி வேறு பேசாத காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் அந்த மொழியை எங்கே கற்றனரோ, எழுதியவர்க்கே வெளிச்சம். உழவரும் மீனவரும் தறியாளரும் எல்லாச் சமயத்தாரும் வீட்டில் உடுத்தும் துணியை ஒருவர் நெற்றியில் மட்டும் அடையாளமாக ஒட்டிவைத்தது கலையன்று, சோம்பல்.

பிறரை மட்டும் சொல்லிப் பயனில்லை. வாசலில் யாரேனும் அழைத்தால் கைலியை அவிழ்த்து வேட்டிக்கு மாறிய பின்னரே நாமும் வெளியே வருகிறோம். 2014இல் வேட்டி உடுத்தியவரைப் பொழுதுபோக்கு மன்றங்களில் தடுக்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நம் வட்டத்தில் எல்லோரும் பாராட்டினோம். அன்று கைலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நாம் உட்பட. இந்தோனேசியாவிலோ, மார்க்கப் பாடசாலையில் படித்தவர்களைச் 'சாரம் கட்டிய கூட்டம்' என்று சுட்டும் சொல்லையே அவர்கள் தம் பெயராக ஏற்றுக்கொண்டனர். 2019 முதல் 2024 வரை துணை அதிபராயிருந்த ஆலிம் மஅரூஃப் அமீன் அவர்கள் அரசு நிகழ்ச்சிகளுக்கும் சாரம் உடுத்தியே வந்தார்.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டோம்: "உம்முடைய கதையில் தந்தை கல்லூரி வாயிலுக்கு வரும்போது கைலி மடித்துக் கட்டியிருந்ததா, இறக்கிவிட்டிருந்ததா?"

அவர் விழித்தார். நாம் விளக்கினோம். கடைத்தெருவில் நடக்கையில் முழங்கால் அளவுக்கு மடித்துக் கட்டியிருப்பவர், பெரியவரையோ உஸ்தாதையோ கண்டால் கை தானாகப் போய் மடிப்பை அவிழ்த்துவிடும். பள்ளிவாசல் படியிலும் அப்படித்தான். பேருந்து நிலையத்திலிருந்து மடித்துக் கட்டியபடி நடந்து வந்த அந்தத் தந்தை, கல்விக்கூடத்தின் வாயிலைக் கண்டதும் நின்று, கைலியைக் கரண்டைக்கு மேலே நிற்குமளவு இறக்கிவிட்டு, தொப்பியைச் சரிசெய்து உள்ளே வந்திருப்பார். மாணவர்கள் எந்தக் கணத்தில் சிரித்தார்கள்? அவர் அவர்களுடைய கல்லூரிக்கு மரியாதை செய்த அந்தக் கணத்தில். மகனுக்கு அது தெரியும். அவன் ஊரில் வளர்ந்தவன். தெரிந்தும் கடந்து போனான்.

"அப்படியானால் கடைசிப் பக்கம்?" என்றார்.

"நீரே சொல்லும். நீர் கைலி கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போவீரா?"

"மாட்டேன், ஹஜ்ரத்" என்றார், சற்றுப் பொறுத்து, "நீங்கள்?" என்று கேட்டார். நாமும் போனதில்லை என்று உள்ளதைச் சொன்னோம்.

நான்கு நாள் கழித்துத் தாள்களைக் கொண்டுவந்தார். கைதட்டல் இல்லை, மறுநாளே இல்லை. விழா முடிந்து தந்தை பேருந்து நிலையத்தில் நிற்கிறார். கையில் மகனுக்கென்று கொண்டுவந்த தின்பண்டப் பொட்டலம். வண்டி வருகிறது. அவர் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைலியை மடித்துக் கட்டுகிறார். அங்கே ஒரு சொல்லில் மட்டும் அவருக்கு ஐயம்: 'கட்டிக்கொண்டார்' என்பதா, 'கட்டினார்' என்பதா. இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தோம்.