மின்மைத் திரையும் மக்கள் நூலும்

நூல் எவ்வடிவில் வந்தாலென்ன, உள்ளிருக்கும் கருத்துத்தானே முக்கியம் என்று கூறுவோர் உளர். மேலோட்டமாகப் பார்க்கையில் இக்கூற்று நியாயமாகவே தோன்றும். ஆனால் ஏடும் எழுத்தாணியும் சிலர் கையில் இருந்த காலத்தில் கல்வியும் அச்சிலரிடமே தங்கியிருந்தது. அச்சு வந்த பின்னரே அது சந்தைக்கும் தெருவுக்கும் இறங்கி வந்தது. ஆகவே புதியதொரு வாசிப்புக் கருவி தோன்றும்பொழுது, அது கண்ணுக்கு இதமானதா என்று கேட்பதோடு நில்லாது, யார் கைக்கு எட்டுவது, யார் கட்டுப்பாட்டில் இருப்பது என்றும் கேட்பது விமர்சகனின் கடமையாகும்.

கட்டாரில் தொழில்புரியும் என் மைத்துனர் 2021ஆம் ஆண்டின் இறுதியில் விடுமுறைக்கு வந்தபோது மின்னூல் வாசிப்பான் ஒன்றைக் கொணர்ந்து தந்தார். அன்றுதொட்டுக் குறிஞ்சாக்கேணியில் அதனோடு பழகிய அனுபவமே இக்கட்டுரைக்கு அடிப்படை.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். கைத்தொலைபேசியின் திரையைப் போன்று இது ஒளியை உமிழ்ந்து எழுத்தைக் காட்டுவதன்று. நுண்ணிய குமிழ்களுக்குள் எதிரெதிர் மின்னேற்றங்கொண்ட வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒன்று மேலெழ, மற்றது கீழிறங்குகின்றது. அதுவே மின்மை. பக்கத்தைப் புரட்டும் கணத்தில் மின்சாரம் செலவாகின்றதேயன்றி, பக்கம் நிலைத்திருக்க அது வேண்டியதில்லை. களப்போரத்தின் உச்சி வெயிலிலும் அச்சிட்ட தாளைப் போன்றே எழுத்துத் தெளிவாகத் தெரியும்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் இதன் பயனை நான் நேரில் உணர்ந்தேன். அவ்வாண்டு மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை நீண்டது. தாளுமில்லை, மின்சாரமுமில்லை என்ற அவ்விரவுகளில் குப்பிவிளக்கின் ஒளியில் நான் வாசித்தது இக்கருவியில்தான். ஒருமுறை மின்னேற்றினால் அது வாரக்கணக்கில் உழைத்தது.

எனினும் தமிழ் வாசகனின் தேவையை எண்ணிச் செய்யப்பட்ட கருவியன்று இது என்பதும் விரைவிலேயே புலனாயிற்று. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் நம்முடைய நீண்ட புணர்ச்சிச் சொற்கள் வரிக்குள் அடங்காது அடுத்த வரிக்குத் தாவ, சொற்களிடையே பள்ளங்கள் விழுகின்றன. பொருளறியச் சொல்லைத் தொட்டால், வேற்றுமையுருபோடு வந்த சொல் அகராதியில் அகப்படுவதில்லை. எழுத்தின் அளவுக்கேற்பப் பக்கமும் மாறுவதால், 'நாற்பதாம் பக்கத்தை எடுங்கள்' என்று வகுப்பில் கூறவும் வழியில்லை.

இவை திருத்தக்கூடிய குறைகள். உடைமை பற்றிய குறையோ ஆழமானது. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், வெளியிட்டவருக்கு உரிமையில்லை என்று கூறி, ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரு நாவல்களை, விலை கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பின்னர் மன்னிப்பும் கேட்டது. ஓர்வெல்லின் அரசியலோடு நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாதிருக்கலாம். வாங்கிய நூலை விற்றவன் வீடு புகுந்து எடுத்துச் செல்லலாமா என்பதே கேள்வி. வாங்கிய மின்னூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் அதே நிறுவனம் 2025 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. வாசகன் வாங்குவது நூலையன்று, வாசிப்பதற்கான அனுமதிச் சீட்டையே என்பது இதனால் வெளிப்படையாயிற்று.

அச்சு நூலின் இயல்பு வேறு. என்னிடமுள்ள சிறுகதைத் தொகுதியொன்று நாற்பது மாணவரின் கைகளில் தவழ்ந்து, அட்டை கிழிந்து, ஓரங்களில் அவர்களின் பென்சிற் குறிப்புகளைத் தாங்கித் திரும்பி வந்திருக்கின்றது. வாசிப்பானை அவ்வாறு கைமாற்ற நான் அஞ்சுகின்றேன். 2021 நவம்பர் 23ஆம் திகதி இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் களப்பில் மாண்ட ஊர் இது. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதற்கே பத்திரமான வழியில்லாதிருந்த ஊரில் இக்கருவியைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமன்றோ என ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பாலம் வேண்டும் என்பதற்காக நூல் வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்லவில்லை.

நூல்கள் எவ்வாறு அழியும் என்பதை நாம் அறிவோம். 1981 ஜூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்து சாம்பராயின. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருந்தவை மீளவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து எழுத்துகளைத் திரட்டத் தொடங்கிய நூலகம் திட்டமும் நூல்களை விலையின்றி யாவர்க்கும் பொதுவாக்கின. எந்த வணிகனும் திரும்பப் பெறமுடியாத நூல்கள் இவையே.

ஆனால் இங்கும் ஒரு தடையுண்டு. நூலகம் தளத்தில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை பக்கங்களின் ஒளிப்படங்கள். ஆறு அங்குலத் திரையில் அவ்வெழுத்துகள் எறும்பாகச் சுருங்கிவிடுகின்றன. பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே போய்விடும். அவற்றை எழுத்துவடிவாக்கி, பிழை திருத்தினாலன்றி இக்கருவிக்கு அவை உதவா. இயந்திரம் எழுத்தை ஓரளவு இனங்காணும். றகரத்தையும் ரகரத்தையும் மங்கிய அச்சிற் பிரித்தறிய மனிதக் கண் வேண்டும்.

இந்தப் பணிக்கு மூலதனம் தேவையில்லை. பதிப்புரிமை தீர்ந்த நூல் ஒன்றைத் தெரிந்து, வகுப்புக்கு ஒன்றாக, மாணவனுக்குப் பத்துப் பக்கமாகப் பகிர்ந்தால் ஒரு தவணைக்குள் அது முடியும். பிழை திருத்துகின்ற மாணவன் அந்நூலை வரிவரியாக வாசித்தும் விடுகின்றான். கருவி யாருடையதாக இருப்பினும் அதில் ஏறும் நூல் மக்களுடையதாக இருக்கட்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் இன்றே தொடங்கத்தக்க வேலை இது.