வெறும் தண்ணீர் என்றொரு பொய்

பின் இம்ப்ரெஷனிசம் என்றதும் நம்மவர்கள் வான்காவின் காதையும் கோகெனின் தாஹித்தியையும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். படம் அநாதையாகக் கிடக்கிறது. நான் அந்தப் படங்களைத் தோணிரேவிலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

1888-இல் செயிண்ட்-மாரி கடற்கரைக்குப் போன வான்காவுக்குப் படகுகளை அங்கேயே வண்ணத்தில் தீட்ட முடியவில்லை. விடிந்தும் விடியாமலும் அவை கடலுக்குப் போய்விடும். கோட்டோவியமாக எடுத்துக்கொண்டு, ஆர்லுக்குத் திரும்பித்தான் தீட்டினார். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் தட்டையாக. சுற்றிலும் அழுத்தமான கோடு. ஜப்பானிய அச்சுப்படங்களிடம் கற்றது இது. ஆனால் அந்தப் படம் உருவான விதத்தில் மீனவரின் வேலைநேரத்துக்கும் பங்கு உண்டு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

1885 வாக்கில் செசான் தீட்டிய லெஸ்தாக் கடல், தூரத்தில் கரைந்து போகாமல் நீலச் சுவர் மாதிரி முன்னால் வந்து நிற்கிறது. கூடவே ஆலைப் புகைபோக்கியும். 'இயற்கைக் காட்சி' கெட்டுப்போகும்னு அவர் அதை அழிக்கவில்லை.

ஒற்றைப்புள்ளி பர்ஸ்பெக்டிவ் வெறும் உத்தி அல்ல. அசையாத ஒரு கண்ணை அது மையமாக்குகிறது. மற்றதெல்லாம் அந்தக் கண்ணுக்கேற்பச் சிறுத்துப்போக வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை, 1672-இல் வெளியான பால்தேயுவின் நூலில் செதுக்குப்படமாக இருக்கிறது. அங்கே விஷயம் கோட்டைதான்.

ஏரிக்குள்ளோ 'பாடு' இருக்கிறது. மீன்பிடிக்கும் இடங்களைப் பகுத்து, முறைவைத்து வலை போடுகிறார்கள். கரையில் நிற்பவனுக்கு வெறும் தண்ணி. பாட்டுக்காரனுக்கு முறையும் எல்லையும் உள்ள இடம். சாதியால் பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதே தண்ணீர் வேறொரு படம். இத்தனை கண்களுக்கும் சேர்த்து ஒரே மறைபுள்ளி எங்கிருந்து வரும்? செசான் உடைத்த சட்டகம் நமக்கு வேண்டியிருப்பது இதனால்தான்.

இது கலைஞர்களின் உள்விவகாரம் அல்ல. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் இருந்த எண்ணூர் கழிமுகம், பின்னால் வந்த வரைபடத்தில் காணாமல் போயிருப்பதாக மீனவர்களும் சூழல் செயல்பாட்டாளர்களும் 2017-இல் குற்றம்சாட்டினார்கள். நீர் இருக்கும் இடத்தை 'ஒன்றுமில்லாத' இடமாகக் காட்டுவதும் ஒரு பார்வைக்கோணம்தான்.

பழவேற்காடு என்றால் நமக்குப் பூநாரையும் அஸ்தமனமும். ஏரியில் ஆளே இல்லை. ஆளில்லாத ஏரியை அழகாகத் தீட்டிக் கொடுப்பவர், நாளைக்கு அதைக் காலி இடம்னு சொல்ல வருகிறவனுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறார்.