யார் யாருன்னே பிடிபடல

ஜோ டி குரூஸின் 'கொற்கை' பற்றி, 2009ல் அது வந்தபோதும் சரி, 2013ல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற பிறகும் சரி, நண்பர்களிடம் நான் அதிகம் கேட்ட குறை இதுதான்: “ஆட்கள் ரொம்ப ஜாஸ்திப்பா, யார் யாருன்னே பிடிபடல.” ஆயிரம் பக்கத்துக்கு மேல், 1914 முதல் 2000 வரையிலான தூத்துக்குடி. குறை நியாயமானதுதான். ஆனால் கடலோரச் சிற்றூரிலிருந்து வந்து இறங்குகிறவனுக்கும் பட்டணம் அப்படித்தானே இருந்திருக்கும்?

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) நாவலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாத்தியார் மகன், வீட்டையும் வல்லத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். குரூஸ் மிக்கேலுக்கு மனசு வரவில்லை. அந்த ஊரில் ஒருவன் பெயரைச் சொன்னால் அப்பன், ஆத்தா, வல்லம் எல்லாம் கூடவே வந்துவிடும். சின்ன நாவல் போதும். துறைமுகத்தில் அந்த வசதி இல்லை. தோணியில் பண்டாரியாகச் சேர்ந்து சோறு பொங்கிப்போட்ட பையன் தண்டல் ஆகிறபோதுதான் ஊர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அதுவரை கூட்டத்தில் ஒருத்தன். 'கொற்கை'யின் நெரிசலை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இடப்பெயர்வு என்றாலே நம் விமர்சகர்கள் 'வேரிழப்பு' என்று ஒரு சொல்லைத் தூக்கிப் போடுவார்கள். விவசாயிக்குச் சரி, நிலம் கூட வராது. கடல்காரனுக்குக் கடல் கூடவே வருகிறதே! திரேஸ்புரத்திலும் அதே வல்லம், அதே வாடைக்காற்று. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனாலும் சங்கு குளிக்கிறவர்கள் இருந்தார்கள். மாறியது கரை. அங்கே மீன் விற்கும் ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: “ஊர்ல கொழம்புக்கு ரெண்டு மீனு சும்மா போடுவாவ தம்பி. இங்க அதுக்கும் துட்டு குடுக்கணும்னு வெளங்கவே எனக்கு மூணு மாசம் ஆச்சி.”

நாவலில் எனக்குக் கிடைக்காதது அந்த மூன்று மாதம்தான். தோணி, சரக்கு, கொழும்பு, முதலாளிகளின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் ஜோ உள்ளிருந்து எழுதுகிறார். கப்பல் தொழில் தெரிந்தவரின் கை அது. ஏறிப்போனவர்களின் கதை அதில் நிறைந்திருக்கிறது. ஏறாமல் வல்லத்தோடே நின்றவர்களும், அவர்கள் வீட்டு அடுப்பும் அந்த அளவுக்கு வரவில்லை. இன்று குழம்புக்கு எங்கே போவது என்று புதுத்தெருவில் நிற்கிற பெண்ணை அவர் எழுதட்டும். இன்னும் ஆயிரம் பக்கம் ஆனாலும் நான் படிக்கத் தயார்.