ஐந்து நிமிட மேடையும் எள்ளலின் எல்லையும்

சேலத்திலிருந்து ஏர்க்காட்டுக்கு ஏற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பெருவழி. மற்றொன்று அயோத்தியாப்பட்டணத்தைக் கடந்து, குப்பனூர் வழியாகச் சுற்றி ஏறுவது. அந்தக் குப்பனூரில் ஓர் இளைஞன் இருப்பதாகக் கொள்வோம். நாலு பேர் கூடிய இடத்தில் அவன் வாய் திறந்தால் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். நண்பர்கள் அவனை மேடையேறச் சொல்கிறார்கள். அவன் எந்த மேடையில் ஏறுவான்? ஏறி இறங்கியபின் அவன் பேச்சின் நிறைகுறையை அவனுக்கு யார் எடுத்துச் சொல்வார்?

முதற் கேள்விக்கு இன்று விடை இருக்கிறது. சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் ‘ஓப்பன் மைக்’ என்ற பெயரில் திறந்த மேடைகள் நடக்கின்றன. பெயர் கொடுத்தவர்க்கு நான்கைந்து நிமிடம் கிடைக்கும். வேடமில்லை, துணைப்பாத்திரமில்லை, ஒலிவாங்கி ஒன்றுதான் துணை. நேரம் முடியப் போகிறதென்றால் அவையின் பின்புறமிருந்து விளக்கொளி காட்டுவார்கள். அதைக் கண்டும் பேச்சை இழுப்பவர் அடுத்த முறை அழைக்கப்படுவது அரிது. பேசி முடித்தவர்கள் வெளியே தேநீர்க் கடையில் நின்று, எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, எந்த இடத்தில் அவை உறைந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இந்தக் கலைக்கு இப்போதைக்கு உள்ள பள்ளிக்கூடம் அந்தத் தேநீர்க் கடைதான்.

இரண்டாம் கேள்விதான் இக்கட்டுரையின் பொருள்.

நம் நாட்டில் இது முற்றிலும் புதிதன்று. தெருக்கூத்தின் கட்டியக்காரன் அரச வேடத்துக்கு எதிரே நின்று, கதைக்குள் ஊர்ச் சங்கதியை இழுத்து வந்து சிரிக்க வைப்பவன். அவனுக்குக் கிடைக்கும் விமர்சனம் உடனடியானது. சிரிப்பு வராவிட்டால் முன்வரிசைக் கிழவரே எதிர்ச்சொல் போட்டு அவனை மடக்கிவிடுவார். அங்கே பேசுபவனும் கேட்பவனும் ஒரே ஊர். நேற்று எவரைக் கேலி செய்தானோ அவர் முகத்தில் நாளை அவன் விழித்தாக வேண்டும். இந்த ஒரு நிர்ப்பந்தம் எத்தனையோ நாவுகளைத் திருத்தியிருக்கும்.

இலண்டனில் 1979இல் தொடங்கிய ‘காமெடி ஸ்டோர்’ அரங்கில் வேறொரு முறை இருந்தது. புதியவர் பேச்சு பிடிக்காவிட்டால் வெண்கலத் தட்டை அடிப்பார்கள். அவர் இறங்கிவிட வேண்டும். கொடுமைதான். ஆயினும் அதில் ஒரு நேர்மை உண்டு. நம் தொலைக்காட்சியின் நகைச்சுவைப் போட்டிகளில் அந்த நேர்மை இல்லை என்பது என் கருத்து. விஜய் தொலைக்காட்சியில் 2005இல் தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு’ பல ஏழை இளைஞர்களுக்கு வாசல் திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. கோவை குணா, மதுரை முத்து போன்றோர் தமிழகமெங்கும் அறிமுகமானது அவ்வழியேதான். சிவகார்த்திகேயன் திரைக்குச் சென்றதும் அந்த மேடையிலிருந்துதான். ஆனால் நடுவர்கள் செய்தது என்ன? சன் தொலைக்காட்சியின் ‘அசத்தப்போவது யாரு’ நிகழ்ச்சியில் மதன் பாபின் பெருஞ்சிரிப்பே ஒரு தீர்ப்பாக இருந்தது. அது இன்பமான சிரிப்பு. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் முகம் மலர்கிறது. என்றாலும் சிரிப்பு ஒரு பாராட்டே அன்றித் திறனாய்வாகாது. பலகுரல் பாவனைக்குக் கைதட்டிப் பழகிய மேடை, இளைஞன் சொந்தக் குரலில் என்ன சொல்கிறான் என்று கேட்க மறந்துவிட்டது.

2020 செப்டம்பரில் அமேசான் பிரைமில் வெளிவந்த ‘காமிக்ஸ்தான் செம காமெடி பா’ இதைவிட ஒரு படி மேல். இந்தியில் 2018இல் தொடங்கிய போட்டியின் தமிழ் வடிவம் அது. பிரவீன் குமார், கார்த்திக் குமார், ராஜ்மோகன் ஆறுமுகம் ஆகியோர் நடுவர்கள். அன்றாடத்தைக் கூர்ந்து நோக்கிச் சொல்வது, சொந்த அனுபவத்தைக் கதையாகச் சொல்வது, நாட்டுநடப்பைப் பேசுவது என நகைச்சுவையை வகைபிரித்து இளைஞர்களைப் பழக்குவது அந்தப் போட்டியின் முறை. நடுவர்கள் தாமே மேடையில் நின்று பட்டவர்கள். ஆதலால் எங்கே நீளம், எங்கே அவசரம் என்று சொல்லத் தெரிந்தவர்கள். தொழில் நுட்பத்தைப் பொறுத்தவரை நல்ல ஆசான்கள். எனினும் அங்கும் ஒரு கேள்வி உரிய இடத்தைப் பெறவில்லை: இச்சிரிப்பு யாரைத் தின்று வளர்கிறது?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் கூறினார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. எள்ளலுக்கு உரைகண்ட பேராசிரியர் ஒரு நுட்பம் காட்டுகிறார். பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. ஒலிவாங்கியின் முன் தனியே நிற்கும் இன்றைய கலைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தன் பயணம், தன் குடும்பம், தன் தோல்வி என்று பேசுபவர்களிடம் பேராசிரியர் கூறும் இரண்டாம் வகையைக் காண்கிறோம். 2019இல் வெளியான அலெக்சாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லாண்ட்’ திரையிசையைப் பாடிக் காட்டியே நகைக்கு இழுத்துச் செல்வது; அதில் எள்ளலைவிட வியப்பே மிகுதி. மாறாக, திறந்த மேடைக்குப் புதிதாக வருபவர் பெரும்பாலும் முதல் வகையைக் கைக்கொள்கிறார். காரணம் எளிது. பிறரை எள்ளினால் சிரிப்பு விரைவில் வரும். ஐந்து நிமிடத்தில் அவையைப் பிடித்தாக வேண்டியவனுக்குக் கறுத்த நிறமும் பருத்த உடலும் திருநங்கையின் நடையும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன.

இவ்வரிசையில் நமக்கும் நெடுங்காலமாக ஓரிடம் உண்டு. தமிழ்த் திரையில் ‘பாய்’ என்றொரு பாத்திரம் வந்தால் அவர் ‘நம்பள், நிம்பள்’ என்று பேசியாக வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, சீறாப்புராணத்தைத் தந்த சமுதாயம் இது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் உருது பேசுவோர் உள்ளனர். அவர்கள் தமிழும் அந்தத் திரைத்தமிழ் அன்று. இந்த ‘நம்பள்’ எவருடைய வாயிலும் பிறக்காத மொழி. ஆகவே அதைப் புண்படுத்துவது என்று கடிவதற்கு முன் பொய் என்று கடிய வேண்டும். கேட்ட பேச்சை அப்படியே மேடையேற்றுவதுதான் நகைச்சுவையாளனின் தொழில். அவன் காது இங்கே வேலையே செய்யவில்லை.

குப்பனூர் இளைஞனுக்கும் இதே குழி காத்திருக்கிறது. சேர்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர்க்கு மலையாளிகள் என்று பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுவழிக் கதை. கேரளத்தாரோடு அவர்களுக்கு உறவில்லை. இந்தப் பெயரை வைத்துத் தேங்காய் எண்ணெயையும் தேநீர்க் கடையையும் இழுத்து ஒரு துணுக்குக் கட்டுவது எளிது. சென்னை அவையில் சிரிப்பும் வரக்கூடும். ஆனால் மலையடிவாரத்தில் பிறந்தவன் அந்தப் பெயர்க் குழப்பத்தில் சிக்கி வெளியூர்க்காரன் விழிக்கும் காட்சியைச் சொன்னால் அது வேறு. அறியாமை யாருடையதோ அவர்மீதே நகை விழும். தொல்காப்பியர் பேதைமை என்றாரே, அதன் சரியான இடம் அதுவாகும்.

திருக்குர்ஆனின் அல் ஹுஜுராத் அத்தியாயம் 11ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் விலக்குகிறது. இதைக் காட்டி நகைச்சுவையே ஆகாது என்போர் நம்மில் உண்டு. அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை மீண்டும் ஒருமுறை படிப்பது நலம். ஏறிச் செல்ல ஒட்டகம் வேண்டிவந்த ஒருவரிடம், பெண்ணொட்டகத்தின் குட்டியைத் தருவதாகப் பெருமானார் சொன்னார்கள். குட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் ஒரு பெண்ணொட்டகத்தின் குட்டிதானே என்று விடை வந்தது. திர்மிதி, அபூதாவூது நூல்களில் உள்ள செய்தி இது. ஒரு கலைப்பொருளாக இதைப் பாருங்கள். கேட்பவன் மனம் ஒரு திசையில் ஓடுகிறது. ஒரே சொல் அதைத் திருப்பிவிடுகிறது. இன்றைய பயிற்சி வகுப்புகளில் முடிச்சும் அவிழ்ப்பும் என்று கற்பிப்பதும் இதைத்தான். சொன்னதில் பொய்யில்லை. திகைத்தவர் இழிவுபடவில்லை, கடைசியில் அவருக்கு ஒட்டகமும் கிடைக்கிறது!

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2021 ஜனவரி முதல் நாள் இந்தூர் நகரில் முனவ்வர் ஃபாரூக்கி என்ற இளம் நகைச்சுவையாளர், மத உணர்வைப் புண்படுத்தியதாகக் கூறிக் கைதுசெய்யப்பட்டார். உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 5ஆம் நாள் இடைக்காலப் பிணை வழங்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் பெங்களூர் நிகழ்ச்சியும் நடவாமல் போயிற்று. அவருடைய துணுக்குகள் யாவும் உயர்ந்தவை என்று நான் வாதாட வரவில்லை. சில எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் துணுக்குக்கு மறுமொழி துணுக்காலோ கட்டுரையாலோ வர வேண்டும். காவல் நிலையத்தின் வழியே வருவது விமர்சனமாகாது. அன்று நாம் அவருக்காக வருந்தினோம். நாளை ஓர் இளைஞன் நம் ஜமாஅத்தைப் பற்றியோ நம் திருமண விருந்துகளைப் பற்றியோ மேடையில் நையாண்டி செய்தால், தடைகோரி மனு எழுதும் கை நம்முடையதாக இருக்குமானால் அந்த வருத்தத்துக்குப் பொருளில்லை. நம் விருந்துகளில் நையாண்டிக்குச் சரக்கும் கொஞ்சமன்று.

திறந்த மேடைகளின் அவையைக் கவனித்தால் ஒன்று தெரியும். பின்வரிசையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்போரில் பலர் அடுத்துப் பேசப்போகும் பேச்சாளர்களே. அவர்கள் சிரிப்பது தொழில் தெரிந்த சிரிப்பு. அவர்கள் சொல்லும் திருத்தமும் தொழில்பற்றியதே. இந்த வரியை வெட்டு, அந்த இடத்தில் நிறுத்து என்பார்கள். பேசப்பட்டவர் அங்கே இல்லை. ‘பாய்’ துணுக்கு சொல்லப்படும் இரவில், நாகூர்த் தமிழ் பேசும் ஒரு முதியவர் அந்த அவையில் இருந்து, முடிந்தபின் தேநீர்க் கடைவரை நடந்து வந்து, “தம்பி, இப்படிப் பேசுற ஆளை நீங்க எந்த ஊர்ல கண்டீங்க?” என்று கேட்டால், அந்த இளைஞனுக்கு மறுவாரம் புதிதாக ஐந்து நிமிடம் எழுத வேண்டியிருக்கும்.