தள்ளாமையை ரத்தம் சொல்லுமா?

சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்க் காலம் தள்ளிய பெண்கள் எழுபதைத் தாண்டியதும் சொல்வது ஒரு வார்த்தைதான்: "முடியல." எங்கே வலிக்கிறது என்று கேட்டால் காட்ட இடம் இருக்காது. தமிழில் இதற்குத் தள்ளாமை என்று எப்போதோ பெயர் வந்துவிட்டது. மருத்துவம் திட்டமான அளவுகோல் வகுத்தது 2001-ல். அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடும் அவர் குழுவினரும் ஐந்து அறிகுறிகளைச் சொன்னார்கள்: தானாக எடை இறங்குவது, களைப்பு, நடமாட்டம் சுருங்குவது, நடை தளர்வது, கைப்பிடி வலு குறைவது. மூன்று இருந்தால் தள்ளாமை. ஒன்றிரண்டு இருந்தால் அதற்கு முந்தைய நிலை.

இந்த ஐந்துக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை. அப்படியிருக்க, ஆய்வாளர்கள் ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்? தேடலுக்கு நியாயம் உண்டு. மூட்டுத் தேய்ந்தவரின் நடை எப்படியும் மெதுவாகத்தான் இருக்கும். மறதி நோய் வந்தவரிடம் களைப்பைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. உடல் தளர்வதற்கு முன்பே உள்ளே நடப்பதைப் பிடித்துவிட்டால் தடுக்கவும் வழி பிறக்கும். 2002-ல் ஷான் லெங் குழுவினர் முப்பது முதியவர்களை ஆராய்ந்தபோது, தளர்ந்தவர்களுக்கு இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள் கூடியும் ஹீமோகுளோபின் குறைந்தும் இருந்தன. பிறகு சி.ஆர்.பி. என்ற இன்னோர் அழற்சிக் குறியீடு, வைட்டமின் டி, ஆல்புமின் என்று பட்டியல் நீண்டது.

ஆனால் இவற்றில் எதுவும் தள்ளாமைக்கு மட்டுமே உரியதல்ல. ஆறாத சர்க்கரைப் புண், சீழ் கட்டிய பல், முடக்குவாதம், எது இருந்தாலும் அழற்சி அளவு ஏறும். ஏறியது தள்ளாமைக்குக் காரணமா, அதன் விளைவா என்பதையும் அந்த எண் சொல்லாது.

எனக்கு அதிகம் கவலை தருவது கிரியாட்டினின். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய எல்லா லேபிலும் பார்க்கும் சோதனை இது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை கரைந்த மூதாட்டிக்கு அது உற்பத்தியாவதே குறைவு. அதனால் சிறுநீரகம் பழுதடைந்திருந்தாலும் எண் சரியாகவே தெரியும். மகன் ரிப்போர்ட்டைப் பார்த்து "எல்லாம் நார்மல், அம்மா" என்பார். அந்த நார்மலை நம்பி மூட்டுவலி மாத்திரை தொடரும். சிறுநீரகம் மேலும் கெடும். எந்தத் தளர்ச்சியைக் கண்டுபிடிக்க வேண்டுமோ, அதுவே இங்கே சோதனையை ஏமாற்றிவிடுகிறது. தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி சோதனை உண்டு. ஆனால் விலை கூடுதல். சின்ன ஊர் லேபில் எளிதில் கிடைப்பதில்லை.

அதற்காக ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகை, தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைபாடு ஆகியவை தள்ளாமையைப் போலவே தோன்றும். மருந்து கொடுத்தால் சரியாகும். அவற்றைக் கண்டுபிடிக்க ரத்தம்தான் வேண்டும். தளர்ந்தவர் யார் என்று கண்டுகொள்ள உடலைப் பார்க்க வேண்டும். ஏன் தளர்ந்தார் என்று அறிய ரத்தத்தைப் பார்க்க வேண்டும். செக்கப் பேக்கேஜ்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வரும் அந்தப் பெண் பணியாளர்கள் இன்னொன்றும் செய்யலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வது. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத் தேய்வைச் சந்தேகிக்கலாம் என்கிறது ஆசிய வல்லுநர் குழுவின் 2019 வரையறை. செலவே இல்லை.

எடையில்தான் சிக்கல். ஓராண்டில் நாலரை கிலோ குறைந்ததா என்று கேட்கிறது ஃபிரீடின் அளவுகோல். போன வருஷ எடையை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்? சங்கப் பாடல்களில் பிரிவால் மெலிந்தவளின் வளை கழன்று விழும். அதையே இங்கே கேட்கலாம். "ஆயா, வளையல் தொளதொளன்னு ஆயிடுச்சா? ரவிக்கையைப் பிடிச்சுத் தைச்சீங்களா? ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் ரசஞ்சோறு என்றுதான் பதில் வரும். முட்டையையும் பருப்பையும் பற்றிய பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.