ப்ரீதர் புகைக்கு ஒரு வடிகட்டி: பிக்கப்பில் மாட்டிப் பார்த்ததில்

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருக்கும் பழைய டீசல் வண்டி ஏதாவது ஒன்றின் அடியில் பாருங்கள். சைலன்சரை விட்டுத் தள்ளி, ப்ரீதர் ஹோஸ் முனையில் நீலப்புகை கசியும். தரையில் ஆயில் சொட்டியிருக்கும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி சம்ப்புக்குள் இறங்கும் வாயு (ப்ளோபை), ஆயில் துளிகளையும் வாரிக்கொண்டு வெளியேறும் வழி அது. பக்கத்தில் நின்று மூட்டை தூக்குபவர்கள்தான் அதைச் சுவாசிக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளில் 2005 வாக்கில் அளந்து பார்த்தபோதும், உள்ளே சேரும் நுண்துகளில் பெரும்பங்கு இந்தக் குழாயிலிருந்து வந்தது தெரிந்தது.

பிந்தைய வண்டிகளில் இந்த ஹோஸ் டர்போவுக்கு முன்னால் காற்றுக்குழாயில் சேர்ந்துவிடும். வெளியே புகை இல்லை. ஆனால் ஆயில் டர்போ, இன்டர்கூலர் வழியாக மேனிஃபோல்டுக்குப் போகிறது. அங்கே, புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் கொண்டுவரும் கரியோடு சேர்ந்து தார் மாதிரி அப்பிக்கொள்கிறது. அதைக் கழற்றிச் சுரண்ட வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அன்றைய லோடு போச்சு.

பழனி, உடுமலை வழியாகப் பாலக்காட்டுக்குக் காய் கொண்டுபோகிற, அவ்வப்போது வடகாடு தாண்டிப் பாச்சலூர் மலையும் ஏறுகிற ஒரு பிஎஸ்4 டர்போ பிக்கப்பில் இரண்டு வகை வடிகட்டிகளை மாட்டிப் பார்த்தேன்.

முதலாவது, ஆயிரம் சொச்சத்துக்குக் கிடைக்கும் அலுமினிய கேட்ச் கேன். திறந்தால் ஆயில் தேங்கியிருக்கும். பார்க்கத் திருப்தியாகவும் இருக்கும். ஆனால் வெளியேறும் முனையில் வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி எஞ்சினை ஓடவிட்டால் சீக்கிரமே பழுப்பு வட்டம் விழுகிறது. காரணம் எளிது. கேனுக்குள் இருப்பது ஒரு தடுப்புத் தகடு மட்டும். பெரிய துளி அதில் மோதி நிற்கும். ப்ரீதர் மூடுபனியின் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் சிறியது. அது வாயுவோடு வளைந்து நெளிந்து தப்பிவிடும். எவ்வளவு ஆயில் பிடித்தது என்று பார்ப்பதைவிட எவ்வளவு தப்பியது என்று பார்ப்பதே சரியான சோதனை.

இரண்டாவது, உள்ளே நுண்ணிழை எலிமென்ட் உள்ளது. ஜெர்மனியின் மான் ஹம்மல் நிறுவனத்தின் ப்ரோவென்ட் இந்த வகையில் பேர்பெற்றது. நான் மாட்டியது அதே அமைப்பில் வரும் வேறொன்று. இழையில் சிக்கிய பொடித்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்துக் கீழே வடிகின்றன. இங்கே துணியில் லேசான கறை மட்டுமே. ஒரு சீசன் கழித்து இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி விரலால் துடைத்தபோது மெல்லிய பூச்சுதான் வந்தது. மலை ஏறிய வாரங்களில் அடிக்குழாயில் அதிகம் வடிந்தது. லோடு ஏற ஏற ப்ளோபை கூடும். மார்கழி விடியலில் வடிந்தது பால்நிறம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது, அதில் கொஞ்சம் இங்கேயும் வந்துவிடும். இப்படி வடிந்ததைத் திரும்ப எஞ்சினில் ஊற்றக் கூடாது.

என் பயம் அடைப்பைப் பற்றித்தான். எலிமென்ட் அடைத்தால் சம்ப்பில் அழுத்தம் ஏறும்; ஆயில் சீல் பிதுங்கும்; டர்போவிலிருந்து ஆயில் இறங்க முடியாமல் காற்றுக்குழாய்க்குள் தள்ளும். ஆயில் கேஜ் குச்சி இருக்கும் துளையில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, அதை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இரு பக்க மட்டத்துக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மில்லிபார். புது எலிமென்டில் ரேஸ் கொடுத்தும் தண்ணீர் அதிகம் நகரவில்லை. நாளாக ஆக மட்டம் ஏறும். எலிமென்ட் மாற்றச் சொல்லும் அடையாளம் அதுவே. ஆண்டுக்கொரு முறையாவது மாற்றுங்கள். அழுத்தம் மீறினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு இதில் உண்டு. வால்வு இல்லாத இழைவடிகட்டியை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இதன் விலை கேனைப் போல் பல மடங்கு. எலிமென்ட் செலவு தனி. தினமும் கேரளா ஓடும் பிஎஸ்4 வண்டிக்கு இது தகும் என்பேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வரும் எஞ்சினுக்கு முதலில் ரிங், லைனர் வேலை பாருங்கள். அந்தப் புகையில் எலிமென்ட் சீக்கிரம் நனைந்து அடைத்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 வண்டியில் கை வைக்க வேண்டாம். எதில் மாட்டினாலும் வெளிமுனையைக் காற்றுக்குழாயிலேயே சேர்த்துவிடுங்கள். டர்போ சூட்டுக்கு எட்டாத இடமாகப் பார்த்து, ஹோஸ் நடுவில் தொய்ந்து ஆயில் தேங்காதபடி கிளிப் போடச் சொல்லுங்கள்.